ஆஸ்பெர்ஜர் வாழ்க்கையைப் படமாக்க விரும்புவோருக்கு: கேள்வி பதில்

எனக்கு ஆஸ்பெர்ஜர், அதாவது இப்போது ஆட்டிசத்துக்குள் அடங்கும் நிலை, இருப்பது 38 வயதில்தான் தெரிந்தது. அதற்கு முன்பும் பின்பும் என் தொழில் சினிமாவில் சவுண்ட் மிக்ஸிங். இந்த நிலையைக் கதையாக்க நினைப்பவர்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள் இவை.

சார், 'ஆஸ்பெர்ஜர்' என்ற பெயரே இப்போது இல்லை என்கிறார்களே, வசனத்தில் வரலாமா?

கதை எந்த வருடத்தில் நடக்கிறது? பிரிட்டிஷ் மருத்துவர் லோர்னா விங் 1981-ல் எழுதிய பிறகுதான் அந்தப் பெயர் பரவியது. 2013-ல் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு அதை ஆட்டிசத்துக்குள் சேர்த்துவிட்டது. 2022-ல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டிலும் தனியாகக் கிடையாது. ஆகவே இன்றைய கதையில் மருத்துவர் புதிதாக அந்தப் பெயரைச் சொல்லக் கூடாது. 2005-ல் அறிந்துகொண்டவர் தன்னைப் பற்றி அப்படிச் சொல்லலாம். சிலர் அந்தப் பெயரை அடியோடு வெறுக்கிறார்கள். அந்தப் பெயருக்குரிய மருத்துவர் ஹான்ஸ் ஆஸ்பெர்ஜர், நாஜி ஆட்சியில் குழந்தைகளைக் கொன்ற வியன்னா மருத்துவமனைக்குச் சிறுவர்களை அனுப்பியவர்; 2018-ல் ஆவணங்களோடு வெளிவந்த விஷயம் இது.

நடிகர் கண்ணைப் பார்க்காமல், உடம்பை ஆட்டிக்கொண்டு பேசினால் போதுமா அண்ணா?

போதாது தம்பி. ஓர் உணவகக் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். மிக்ஸிங்கில் வசனத்தைத் தூக்குவோம். கரண்டிச் சத்தம், பக்கத்து மேசைப் பேச்சு, ஏசி இரைச்சல் எல்லாவற்றையும் இறக்குவோம். பெரும்பாலானோரின் மூளை இதைத் தானாகவே செய்துவிடுகிறது. எனக்குச் செய்வதில்லை. எல்லாம் ஒரே அளவில் வந்து மோதும். எதிரில் இருப்பவரின் சொற்களை நான் பொறுக்கி எடுக்க வேண்டும். அப்போது அவர் கண்ணையும் பார்க்கச் சொன்னால் பேச்சு நழுவிவிடும்.

அந்த இரைச்சலை ரசிகர் முதலில் கேட்கட்டும். அப்புறம் உங்கள் பாத்திரம் பார்வையை விலக்கினால் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது. உடம்பை ஆட்டுவதும் அப்படித்தான்: இரைச்சலைத் தாங்க உடம்பு பிடித்துக்கொள்ளும் தாளம். காரணத்தை விட்டு அசைவை மட்டும் எடுத்தால் அது மிமிக்ரி. சிலருக்குச் சத்தம் பிரச்சினையே இல்லை, சட்டை லேபிள்தான் வேதனை. உங்கள் பாத்திரத்துக்கு எது என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள்.

இன்னொன்று. பெரியவர்களில் பலர் வெளியே எதையும் காட்டுவதில்லை. நான் மூக்கின் மேல்பகுதியைப் பார்த்துப் பேசுவேன், அது கண்ணைப் பார்ப்பது போலவே தெரியும். மாலையில் வீடு வந்து, விளக்கு போடாமல் ஒரு மணி நேரம் தரையில் படுத்திருப்பேன். அதைப் படமாக்குங்கள்.

ஏதாவது அபாரத் திறமை வைக்கலாமா?

வேண்டாம். ஆட்டிசம் உள்ள ஒருவரை அபார நினைவாற்றலோடு காட்டிய 'ரெயின் மேன்' படம் 1988-ல் வந்ததிலிருந்து எங்களிடம் எல்லோரும் அதைத்தான் எதிர்பார்க்கிறார்கள். எங்களில் பெரும்பாலோருக்கு அப்படி எதுவும் கிடையாது.

உணர்ச்சி குறைவான ஒருவரை வைத்துக் காதல் கதை எடுபடுமா?

குறைவு என்று யார் சொன்னது? அம்மா இறந்த அன்று நான் அழவில்லை. வந்தவர்களுக்காக நாற்காலிகளை வரிசைப்படுத்திக்கொண்டே இருந்தேன். 'கல் நெஞ்சு' என்று ஓர் உறவினர் சொன்னது காதில் விழுந்தது. மூன்று வாரம் கழித்து, பழைய ஒலிநாடாவில் அம்மாவின் குரலைக் கேட்டபோது உடைந்தேன். ஆட்டிசம் உள்ள ஆய்வாளரான டேமியன் மில்டன் 2012-ல் எழுதினார்: புரியாமை இரு பக்கமும் இருக்கிறது. நாங்கள் உங்களைத் தவறாகப் படிப்பது போல நீங்களும் எங்களைத் தவறாகப் படிக்கிறீர்கள். காதல் கதைக்கு இதைவிட நல்ல முடிச்சு வேண்டுமா?

என் பத்து வயது மகன் கத்தி அழுவதை ஆவணப்படத்துக்கு எடுக்கக் கேட்கிறார்கள். சம்மதிக்கலாமா?

வேண்டாம் அம்மா. அது அடம் அல்ல, தாங்க முடியாமல் உடைந்துபோவது. இருபது வயதில் அவனே அதைப் பார்க்க நேரும். அவனுக்குப் பிடித்ததைச் செய்யும்போது, அவனிடமும் கேட்டுவிட்டு எடுக்கட்டும்.

ஆட்டிசம் இல்லாத நடிகர் நடிக்கலாமா?

முதலில் ஆட்டிசம் உள்ள நடிகர்களைத் தேடுங்கள். கிடைத்தால் அன்றைய ஷாட் வரிசையை முந்தின நாளே எழுதிக் கொடுங்கள், கடைசி நிமிடத்தில் மாற்றாதீர்கள், இடைவேளைக்கு அமைதியான ஓர் அறை ஒதுக்குங்கள். கிடைக்காவிட்டாலும், திரைக்கதை எழுதும் நாளிலிருந்தே எங்களில் ஒருவரைச் சம்பளத்தோடு பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். படம் முடிந்த பிறகு காட்டிக் கருத்துக் கேட்டால், மாற்ற எதுவும் மிச்சம் இருக்காது.