அரங்கக் கேள்வி – பதில்: அழத் தெரிந்தவருக்கா கதாநாயகன் வேடம்?

(முள்ளியவளையிலிருந்து, நாடகமும் அரங்கியலும் படிப்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியர் பதில் தருகிறார்.)

கேள்வி: சேர், எங்கள் சனசமூக நிலையக் குழு ட்ரைஃபஸ் வழக்கை நாடகமாகப் போடுகிறது. ஜெர்மனிக்கு உளவு சொன்னார் என்று, செய்யாத குற்றத்துக்குத் தண்டனை பெற்ற அந்தப் பிரெஞ்சுக் கப்டனாக நடிக்க இரண்டு பேர் போட்டி. ஒருவர் அழுதால் சனமே அழும். மற்றவருக்கு முகம் மரக்கட்டை. பொய்க் கடிதம் செய்த மேஜர் ஹென்றி வேடத்துக்கு ஆளே வரவில்லை. — வாசகர், மாங்குளம்

பதில்: தம்பி, மரக்கட்டை முகத்துக்காரரையே போடுங்கள். 1894 டிசம்பரில் பாரிஸ் இராணுவ நீதிமன்றத்தில் ட்ரைஃபஸுக்கு வினையாக வந்தவற்றில் அவருடைய குரலும் ஒன்று. ஏற்ற இறக்கம் இல்லாமல் பதில் சொன்னார். குற்றமில்லாதவன் இப்படியா நிற்பான் என்று பார்த்தவர்களுக்குத் தோன்றியது. உங்கள் சனத்துக்கும் முதல் அரை மணித்தியாலம் அப்படியே தோன்றட்டும். கோவலன் கூத்தில் அந்தச் சந்தேகத்துக்கு இடமே இல்லை. பொற்கொல்லன் பொய் சொல்கிறான் என்று வட்டாப்பளையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

ஆனால் கூத்திலிருந்து ஒன்றை எடுக்கலாம். முன் கோவலன், பின் கோவலன் என்று ஒரே வேடத்தை இரண்டு பேருக்குப் பிரிப்போமே, அது. பிசாசுத் தீவு என்ற சிறைத் தீவில் நாலு வருடத்துக்கு மேல் அடைபட்டு, 1899 இல் ரென் நகர மறுவிசாரணைக்கு வந்தபோது ட்ரைஃபஸுக்கு வயது 39 தான். தலை நரைத்து, உடம்பு வற்றி, பேச்சுக்கூடச் சரியாக வரவில்லை. அழத் தெரிந்தவரை அங்கே போடுங்கள். ஆனால் அழ விடாதீர்கள். கோபித்தால் என் பெயரைச் சொல்லுங்கள்.

இனி ஹென்றி. உங்கள் குழுவிலேயே கெட்டிக்கார நடிகருக்கு உரிய வேடம் இது. விவசாயியின் மகன், சாதாரண சிப்பாயாகச் சேர்ந்து மேலே வந்தவர். உண்மையான உளவாளி எஸ்தர்ஹாசி என்ற இன்னொரு அதிகாரிதான் என்று கேணல் பிக்கார் 1896 இல் கண்டுபிடித்தார். அதே வருடம் ஹென்றி, ட்ரைஃபஸே குற்றவாளி என்று காட்ட, இரண்டு கடதாசிகளை ஒட்டி ஒரு கடிதம் தயாரித்தார். 1898 இல் ஒரு அதிகாரி அதை விளக்கு வெளிச்சத்தில் பார்க்க, கோடுகளின் நிறம் ஒத்துப்போகவில்லை. ஹென்றி ஒப்புக்கொண்டார், மறுநாள் சிறையில் இறந்து கிடந்தார். இராணுவத்தின் மானத்தைக் காப்பாற்றுகிறேன் என்றே அந்த மனிதர் நினைத்திருப்பார். அதனால் மீசை முறுக்குகிற வில்லன் வேண்டாம். கோயில் அன்னதானத்தில் ஓடியோடிப் பந்தி கவனிக்கிற ஒருவர் உங்கள் ஊரிலும் இருப்பார், அவரைக் கேளுங்கள். ஒன்று மட்டும்: துரோகி என்ற பேச்சு எங்கள் மண்ணில் என்ன செய்யும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. வீட்டாரோடும் கதைத்துவிட்டே வேடத்தைக் கொடுங்கள்.

கேள்வி: எங்களிடம் பெண் பிள்ளைகள்தான் அதிகம். இந்தக் கதையில் எல்லாரும் ஆண்களாக இருக்கிறார்களே? — அதே வாசகர்

பதில்: எல்லாரும் இல்லை. ஜெர்மன் தூதரகக் குப்பைக் கூடையிலிருந்து கடதாசித் துண்டுகளைப் பிரெஞ்சு உளவுப் பிரிவுக்கு எடுத்துக் கொடுத்த துப்புரவுப் பெண் பஸ்தியானை விட்டுவிட்டீர்கள். மனைவி லூசி இருக்கிறார். அது போதாதென்றால் ஏழு நீதிபதிகளாகவும் பெண் பிள்ளைகளையே இருத்துங்கள், ஒரு குறையும் வராது. 1894 இல் தீர்ப்பை யோசிக்கப் போன நேரத்தில் அந்த ஏழு பேரிடம் ஒரு இரகசியக் கோப்பு போனது. எதிரியாக நின்ற ட்ரைஃபஸுக்கும் தெரியாது, அவருடைய சட்டத்தரணிக்கும் தெரியாது. நானென்றால் கோப்பைக் கொண்டுபோகிறவரைச் சபைக்கு நடுவாலே நடக்க விடுவேன். ட்ரைஃபஸ் மேடையில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கட்டும்.

கேள்வி: இராணுவ உடுப்புக்கு என்ன செய்வது?

பதில்: பச்சை வரி உடுப்பு எதுவும் வேண்டாம். சனத்தில் பாதிப் பேர் நாடகத்தை விட்டு உடுப்பையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். பழைய கறுப்புக் கோட்டு, பித்தளை நிறப் பொத்தான், மட்டையில் வெட்டிய பதவிப் பட்டி போதும். 1895 ஜனவரி 5 அன்று ட்ரைஃபஸின் பட்டிகளைப் பிய்த்து வாளை முறித்த அந்தப் பதவி பறிப்புச் சடங்குகூட ஒத்திகை பார்த்த நாடகம் மாதிரித்தான்: சுலபமாகக் கழன்று வரட்டும் என்று முன்னதாகவே தையலைத் தளர்த்தி, வாளையும் அராவி வைத்திருந்தார்கள். நீங்களும் ஒரு நூலில் தொடுத்து வையுங்கள். மழை ஈரத்தில் நூல் இறுகும், மேடையேறுமுன் ஒருக்கா இழுத்துப் பாருங்கள்.