வேலையைப் பிரித்தது யார்? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

எறும்புகள் பற்றிய கட்டுரையில், ‘அங்கே வேலையைப் பிரித்துக் கொடுக்க ஆளே கிடையாது’ என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு ஒப்பவில்லை. யாராவது திட்டம் போடாமல், அவரவர் திறமை தெரியாமல், ஒரு கூட்டத்தில் வேலை எப்படிப் பிரியும்? இன்னொன்று: கஷ்டமான வேலை யார் தலையில் விழுகிறதோ அவர் ஏன் ஒத்துக்கொள்கிறார்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

திறமை இருப்பதால் வேலை வந்து சேர்கிறது என்று நினைக்கிறோம். பெரும்பாலும் நடப்பது தலைகீழ்.

அறுவடை எறும்புகளில் ஒரு வகையில் ராணி தன்னந்தனியாக மண்ணைத் தோண்டித்தான் கூடு தொடங்கும். இன்னொரு ராணியோடு சேர்ந்திருக்கும் வழக்கமே அதற்கு இல்லை. ஜெனிஃபர் ஃபியுவெல்லும் ராபர்ட் பேஜும் அப்படிப்பட்ட ராணிகளை இரண்டிரண்டாக ஒரே இடத்தில் விட்டுப் பார்த்தார்கள். 1999ல் வெளிவந்த ஆய்வு அது. தோண்டும் வேலை பெரும்பாலும் ஒருத்தி பக்கம் சாய்ந்துவிட்டது. அது யார் பக்கம் சாயும் என்பதைக்கூட முன்கூட்டியே ஊகிக்க முடிந்தது. தனியாக இருந்தபோது சற்று அதிகம் தோண்டியவள் பக்கம்தான். சேர்ந்து வாழப் பழகாத இனத்தில், சேர்த்து விட்டவுடனே வேலைப் பிரிவினை!

எப்படி? ஓர் அறையில் தொலைபேசி அடித்துக்கொண்டே இருக்கிறது. இரண்டாவது மணியையே பொறுக்க முடியாதவர் எழுந்து எடுத்துவிடுகிறார். நான்காவது மணிவரை பொறுப்பவருக்கு எழ வேண்டிய தேவையே வருவதில்லை. இருவரின் பொறுமைக்கும் வித்தியாசம் இரண்டே மணி, ஆனால் வேலை முழுவதும் ஒருவர் மேல். 1996ல் எரிக் பொனபோவும் சகாக்களும் இதைத்தான் கணித மாதிரியாக எழுதினார்கள். வேலையின் அவசரம் ஏறிக்கொண்டே போகும். முதலில் உறுத்தல் வருபவர் அதைச் செய்வார். செய்ததும் அவசரம் இறங்கிவிடும், மற்றவர்களை அது எட்டவே எட்டாது.

இதைப் படித்துவிட்டு ‘அப்படியானால் அவள் தோண்டவே பிறந்தவள்’ என்று யாராவது கிளம்பக்கூடும். இல்லை. அவளைவிடத் துடிப்பான ஒருத்தியோடு விட்டால் அதே ராணி சும்மா இருப்பாள் என்றுதான் இந்த மாதிரி சொல்கிறது. 2018ல் வெளிவந்த இன்னொரு ஆய்வில், ஒரே மரபணு, ஒரே வயது கொண்ட எறும்புகளைப் பதினாறுக்கு மேல் போகாத சின்னக் கூட்டங்களாக வைத்தார்கள். பிறவியில் வேறுபாடே இல்லாத அவற்றிலும், கூட்டம் பெருகப் பெருக வேலைப் பிரிவினை கூடியது. தத்துவ அறிஞருக்கும் சுமை தூக்குபவருக்கும் உள்ள வேறுபாடு பிறவியில் வந்ததைவிடப் பழக்கத்தில் வந்ததே அதிகம் என்று பொருளியல் அறிஞர் ஆடம் ஸ்மித் 1776லேயே சொல்லிவிட்டார். வேலையைப் பிரித்துச் செய்தால் உற்பத்தி பெருகும் என்பதற்கு அவர் சொன்ன குண்டூசித் தொழிற்சாலை உதாரணத்தை நினைவு வைத்திருக்கும் நாம் இதை மறந்துவிட்டோம்.

இப்படி இலவசமாக வந்த ஒழுங்கைப் பரிணாமம் பிற்பாடு இறுக்குகிறது. தேனீயில் வயதுக்கேற்ற வேலை: இளசுகள் கூட்டுக்குள், முதிர்ந்தவை வெளியே. அதுவும் இரும்புச் சட்டமல்ல. வெளியே போகும் தேனீக்களை எடுத்துவிட்டால் இளசுகள் முன்னதாகவே கிளம்பிவிடும்.

சரி, இரண்டாவது கேள்வி. தொடக்கத்தில் ஒப்புதல் என்ற பேச்சே இல்லை. பொறுக்க முடியாமல் தோண்டினாள், அவ்வளவுதான். ஆனால் தலைமுறை தலைமுறையாக நிலைக்க வேண்டுமென்றால், நஷ்டப்படுபவருக்கு ஏதாவதொரு வழியில் லாபம் திரும்பியாக வேண்டும். அனபீனா என்ற நுண்ணுயிரைப் பாருங்கள். செல்கள் கோத்த இழை அது. காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடிக்கும் நொதி ஆக்ஸிஜன் பட்டால் கெட்டுவிடும். ஒளிச்சேர்க்கையோ ஆக்ஸிஜனை வெளியிடும். இரண்டையும் ஒரே செல்லில் ஒரே நேரத்தில் செய்வது கடினம். அதனால் சுமார் பத்துக்கு ஒரு செல் தடித்த உறை போட்டுக்கொண்டு நைட்ரஜன் வேலைக்குப் போய்விடுகிறது. அப்புறம் அது பிளந்து பெருகவே முடியாது, வாரிசு கிடையாது. ஆனால் பக்கத்துச் செல்களெல்லாம் ஒரே செல்லிலிருந்து வந்தவை. அவை பெருகினால் இதன் மரபணுவே பெருகுகிறது.

வாரிசையே விட்டுக்கொடுக்கும் அளவுக்கான பிரிவினை நெருங்கிய உறவுக் கூட்டங்களில்தான் வளர்ந்திருக்கிறது. உறவில்லாதவர்கள் கூடி உழைக்கும் இடத்தில் கூலி, முறை மாற்றிக்கொள்வது, அவ்வப்போது சண்டை எல்லாம் தேவைப்படுவது அதனால்தான் என்று நினைக்கிறேன்.