ஜப்பானிய மொழியை நாமே படிக்கலாமா? உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: ஜப்பானிய எழுத்தைக் கற்காமல், தமிழில் எழுதி வைத்துப் படித்தால் போதாதா?

போதாது தம்பி. சிப்பிக்கு அவர்கள் சொல்லும் சொல் kaki, சாவிக்கு kagi; k, g ஒலி வேறுபாடு ஒன்றுதான். தமிழில் எழுதினால் இரண்டும் 'ககி' ஆகிவிடும். ஜப்பானிய ஒலியெழுத்து இரண்டு வகை: ஹிரகானா 46, கதகானா 46. தினமும் அரை மணி நேரம் உட்கார்ந்தால் சில வாரத்தில் முடியும். குறில் நெடில் பழகிய நமக்கு ஒரு வசதி: 'ஒபஸன்' அத்தை, 'ஒபாஸன்' பாட்டி. அதில் தடுமாற மாட்டோம்.

கேள்வி: எந்தப் பாடநூல் வாங்கலாம், கெங்கியா, மின்னா நோ நிஹொங்கோவா?

ஆசிரியர் இல்லாமல் படிப்பதென்றால் கெங்கி. மின்னாவின் முதன்மைப் புத்தகம் முழுக்க ஜப்பானிய மொழியில் இருக்கும், விளக்கத்துக்குத் தனியாக இன்னொரு புத்தகம் வாங்க வேண்டும். காசு செலவழிக்க வேண்டாமென்றால் ஜப்பான் ஃபவுண்டேஷனின் இரோதொரி பாடநூல் இணையத்தில் இலவசம்.

கேள்வி: இலக்கணம் தலைகீழாக இருக்கிறதே அண்ணா?

ஆங்கிலம் வழியாகப் பார்ப்பதால் அப்படித் தெரிகிறது. ஆங்கில விளக்கத்தைப் படியுங்கள், ஆனால் வாக்கியத்தைத் தமிழில் போட்டுப் பாருங்கள். 'தோக்கியோ நி இகிமஸ்': தோக்கியோவுக்குப் போகிறேன். 'நி' வருவது நம் 'கு' வரும் இடத்தில்தான். 'தபெதெ மிரு' என்றால் சாப்பிட்டுப் பார்ப்பது. 'மிரு' நம் 'பார்' மாதிரியே துணைவினையாக நிற்கிறது. 'நேற்று வாங்கிய புத்தகம்' என்பதும் அதே வரிசையில் வரும், 'நேற்று', 'வாங்கிய', 'புத்தகம்'. 'வா' (wa), 'கா' (ga) என்ற இரண்டு இடைச்சொற்கள் மட்டும் கொஞ்ச நாள் படுத்தும். விதியை மனப்பாடம் செய்யாமல் நிறைய வாக்கியம் படியுங்கள்.

கேள்வி: காஞ்சி (சீனத்திலிருந்து வந்த எழுத்துகள்) 2,136 என்கிறார்களே, பயமாக இருக்கிறது.

அது அன்றாடப் பயன்பாட்டுக்கான அரசுப் பட்டியல், 2010-இல் திருத்தியது. அத்தனையும் உடனே வேண்டாம். எழுத்தைத் தனியாக உருப்போடாதீர்கள்: ஒரே எழுத்து 'ககுசெய்' (மாணவர்) என்பதில் 'செய்', 'இகிரு' (வாழ்) என்பதில் 'இ'. சொல்லோடு சேர்த்து, அட்டை அட்டையாகக் காட்டி நினைவூட்டும் ஆன்கி செயலியில் போடுங்கள். புது அட்டைகளை அளவாகச் சேர்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் பாக்கி குவிந்து நீங்களே செயலியை அழித்துவிடுவீர்கள்.

கேள்வி: ஜேஎல்பிடி (ஜப்பானிய மொழித் திறன் தேர்வு) எழுதினால் பேச வருமா?

வராது. அதில் பேச்சுத் தேர்வே இல்லை. வாசிப்பு, கேட்டல், சொல், இலக்கணம் அவ்வளவுதான். எப்படியும் எழுதுங்கள், சென்னையிலும் நடக்கிறது. பேச்சுக்குப் பாடத்தின் ஒலிப்பதிவை ஓடவிட்டு அதன் கூடவே சத்தமாகச் சொல்லுங்கள். வீட்டில் சிரிப்பார்கள், கதவைச் சாத்திக்கொள்ளுங்கள்.