கடலோர வீட்டில் முறுக்கு ஏன் நாலு நாள்கூட தாங்குவதில்லை?

கேள்வி: தண்டையார்பேட்டையில் இரண்டாவது மாடியில் இருக்கிறோம். மாமனார், மாமியார், பிள்ளைகள் சேர்த்து ஆறு பேர். பிள்ளைகள் பாக்கெட் தின்பண்டமே கதி என்று இருப்பதால் முறுக்கு, கடலை உருண்டை, சத்துமாவு, குழம்பு மிளகாய்த்தூள், இஞ்சி பூண்டு விழுது எல்லாமே இப்போது வீட்டில்தான். ருசியில் குறையில்லை. ஆனால் முறுக்கு நாலு நாளில் நமத்துவிடுகிறது, பத்து நாளில் சிக்கு வாடை வருகிறது. கடலை உருண்டை பிசுபிசுக்கிறது. தூளில் வண்டு. இதே அளவில் ஆரணியில் என் அம்மா செய்தால் ஒரு மாதம் நிற்கிறது. நான் எங்கே தப்பு செய்கிறேன்? அக்கம்பக்கத்தில் காசு கொடுத்துக் கேட்கிறார்கள், போட்டுக் கொடுக்கலாமா?

பதில்: அம்மாவின் அளவில் தப்பில்லை, உங்கள் கையிலும் இல்லை. ஆரணிக் காற்று வேறு, தண்டையார்பேட்டைக் காற்று வேறு. அம்மாவின் அளவை வாங்கிக்கொண்டீர்கள், அவர் ஊர்க் காற்றை வாங்கிக்கொண்டு வர முடியவில்லை, அவ்வளவுதான்.

முறுக்கு நமப்பது எப்படி என்று தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் சுலபம். எந்தத் தின்பண்டமும் சுற்றியுள்ள காற்றோடு ஈரத்தைச் சமன் செய்துகொள்ளப் பார்க்கும். காற்றில் ஈரப்பதம் 40 சதவீதத்துக்குள் இருந்தால் மொறுமொறுப்பு நிற்கும். ஐம்பதைத் தாண்டினால் போய்விடும். கடற்கரையை ஒட்டிய வடசென்னையில் காலை நேரத்தில் அது 75, 80 என்று இருப்பது சாதாரணம். ஐப்பசி, கார்த்திகை மழையில் இன்னும் ஏறும். ஆகவே திறந்து வைத்த முறுக்கு உங்கள் வீட்டில் நமக்காமல் இருக்கவே முடியாது. நம்மால் ஆனது இரண்டு: உள்ளே ஈரம் இல்லாமல் சுட்டு எடுப்பது, வெளியே உள்ள ஈரத்தை அண்டவிடாமல் பார்த்துக்கொள்வது.

முதலில் மாவு. அரிசியை ஊறவைத்து இடிக்கிற ஈர மாவு அன்றைக்கே சுட்டுவிடத்தான் நல்லது. டப்பாவில் வைக்கிற மாவு என்றால் அரிசியைக் கழுவி, நிழலில் முழுக்கக் காயவைத்து மில்லில் கொடுங்கள். கொடுப்பதற்கு முன் அந்த மிஷினில் கடைசியாக என்ன ஓடியது என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். மிளகாய் ஓடிய மிஷினில் அரைத்த மாவில் சுட்ட முறுக்கைப் பிள்ளைகள் தொடமாட்டார்கள். மாவு மில்லிலிருந்து சூடாக வரும். அந்தச் சூட்டோடு மூடினால் மூடியின் உள்பக்கம் வியர்த்து, அந்தத் தண்ணீர் மாவிலேயே சொட்டும். அகலமான தாம்பாளத்தில் ஆறவிட்டு, சலித்து, அப்புறம் டப்பாவில் போடுங்கள். செய்தித்தாளில் கொட்டி ஆறவைக்கிற பழக்கம் வேண்டாம், அச்சு மை மாவில் ஏறும்.

அரிசி மாவு 4 கப், வெறும் கடாயில் வாசம் வரும்வரை வறுத்து அரைத்த உளுத்தம் மாவு முக்காலிலிருந்து 1 கப், வெண்ணெய் 50 கிராம். இது நிற்கிற அளவு. வெண்ணெயைக் கூட்டினால் எண்ணெயில் பிரிந்து கரையும், குறைத்தால் பல்லை உடைக்கும். மாவை மொத்தமாகப் பிசைந்து வைக்காதீர்கள். நேரமாக ஆக முறுக்கு சிவக்கும், எண்ணெயும் குடிக்கும். இரண்டு மூன்று ஈடுக்கு ஆகிற அளவு மட்டும் அவ்வப்போது பிசைந்துகொள்ளுங்கள்.

நமத்துப்போகிற முறுக்கில் பாதிக்கு மேல் அடுப்பிலேயே நமத்துப்போனது என்பது என் அபிப்பிராயம். நிறம் வந்துவிட்டது என்று எடுத்துவிடுகிறோம். எண்ணெய் அதிகமாகக் காய்ந்திருந்தால் நிறம் சீக்கிரம் வரும், நடுவில் ஈரம் அப்படியே இருக்கும். பார்க்க வேண்டியது நிறத்தை அல்ல, குமிழியை. எண்ணெயில் சலசலவென்று கிளம்புவது மாவிலிருந்து வெளியேறுகிற தண்ணீர்தான். அந்தச் சத்தம் அடங்கி, ஓரத்தில் ஒன்றிரண்டு குமிழி மட்டும் மிஞ்சும்போது எடுங்கள். எண்ணெயின் சூடு 170 முதல் 180 டிகிரி இருக்கவேண்டும். வெப்பமானி இல்லையென்றால் துளி மாவைப் போட்டுப் பாருங்கள். கீழே போய் உடனே மேலே வரவேண்டும், கருகக்கூடாது. முதல் ஈட்டில் ஒன்றை ஆறவிட்டு உடைத்துப் பாருங்கள். நடுவில் வெள்ளையாக, மெத்தென்று தெரிந்தால் தீயைக் குறைத்து இன்னும் கொஞ்சம் விட வேண்டும் என்று அர்த்தம்.

அடுத்து ஆறவைப்பது. ராத்திரி சுட்டுவிட்டு, காலையில் எடுத்து வைக்கலாம் என்று தாம்பாளத்தில் பரப்பிவிட்டுப் படுக்கிற வீடுகள் நிறைய. ஆரணியில் அது சரி. உங்கள் வீட்டில் அந்த ராத்திரி முழுக்க முறுக்கு கடற்காற்றைக் குடித்துக்கொண்டிருக்கும். கைக்குச் சூடு தெரியாத அளவு ஆறியதும், அரை மணியோ முக்கால் மணியோ, உடனே டப்பாவுக்குப் போகட்டும்.

நம் எவர்சில்வர் டப்பா பார்க்க லட்சணமாக இருக்கும், மூடி மட்டும் காற்றை விடும். உணவுக்கான கெட்டி பாலிதீன் பையில் போட்டு, காற்றை அமுக்கி வெளியேற்றி, ரப்பர் பேண்டு போட்டு, அந்தப் பையை டப்பாவில் வையுங்கள். மொத்தத்தையும் ஒரே டப்பாவில் போடாதீர்கள். ஆறு பேர் இருக்கிற வீட்டில் அது நாளைக்குப் பத்து தடவை திறக்கும். இரண்டு நாளைக்கு ஆகிற அளவு சின்ன டப்பாவில், மிச்சம் சின்னச் சின்னப் பைகளாக உள்ளே. இந்த ஒரு மாற்றத்தைச் செய்தாலே வித்தியாசம் தெரியும். ஏற்கெனவே நமத்ததைக் கனமான கடாயில் சிம்மில் ஐந்து நிமிடம் புரட்டி, ஆறியதும் தின்னலாம், மொறுமொறுப்பு திரும்பும். ஆனால் சிக்கு வாடை வந்ததை எதுவும் மீட்காது. அதைக் கொட்டத்தான் வேண்டும்.

சிக்கு வாடைக்குக் காரணம் ஈரம் இல்லை, எண்ணெய். எண்ணெய் காற்றோடும் வெளிச்சத்தோடும் சேர்ந்து கெடுவதால் வருகிற வாடை அது. காசிமேடு பக்கத்திலேயே இருக்கும்போது வாரத்தில் இரண்டு மூன்று நாளாவது மீன் வறுப்பீர்கள் என்று நினைக்கிறேன். வறுத்த எண்ணெயை வடிகட்டி, கொஞ்சம் புது எண்ணெயைச் சேர்த்து முறுக்குக்கு வைக்கிறீர்களா? அப்படியென்றால் பத்து நாள் வந்ததே அதிகம். ஏற்கெனவே கெட ஆரம்பித்த எண்ணெய், புது எண்ணெயையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். டப்பாவில் வைக்கிற பலகாரத்துக்குப் புது எண்ணெய்தான், அதுவும் முழுக்க. மிஞ்சுவதை வடிகட்டி, இருட்டான இடத்தில் வைத்து, சில நாளில் தாளிப்புக்குத் தீர்த்துவிடுங்கள். கறுத்து, பிசுக்காகி, நுரை தள்ளி, சீக்கிரம் புகைகிற எண்ணெயைத் தூக்கிப் போடுவதில் யோசனை வேண்டாம். வியாபாரம் செய்கிறவர்களுக்கே சட்டம் ஒரு வரம்பு வைத்திருக்கிறது. எண்ணெய் கெடுவதால் உண்டாகும் போலார் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக்கூடாது. 2018 ஜூலையிலிருந்து இது நடைமுறையில் இருக்கிறது. முறுக்கை அழகுக்காகக் கண்ணாடி ஜாடியில் போட்டு ஜன்னலோரம் வைப்பதையும் விட்டுவிடுங்கள்.

கடலை உருண்டையில் பாகு பதம் போதவில்லை. வெல்லம் தானாகவே காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். பாகு இளசாக இருந்தால் கேட்கவே வேண்டாம். தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு எடுத்தால் உருட்ட வருகிற பதம் உருண்டை பிடிக்கப் போதும், ஆனால் டப்பாவில் நிற்காது. அதையும் தாண்டி, எடுத்த துண்டைத் தட்டில் போட்டால் டங்கென்று சத்தம் கேட்டு, ஒடித்தால் மடங்காமல் படக்கென்று உடையவேண்டும். அப்போது இறக்குங்கள். ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தாளில் சுற்றி வையுங்கள். மழை மாதங்களில் நான் இதைச் செய்யவே சொல்லமாட்டேன். வறுத்த கடலை, பொட்டுக்கடலை, பொரி என்று அந்த இரண்டு மாதத்தை ஓட்டிவிடலாம். கடலை வாங்கும்போது சுருங்கியது, கறுத்தது, பூஞ்சை பிடித்தது எல்லாவற்றையும் பொறுக்கி எறியுங்கள். அஃப்ளடாக்சின் என்கிற பூஞ்சை நஞ்சு அதில் இருக்க வாய்ப்புண்டு. வறுத்தாலும் அது முழுசாகப் போகாது.

மிளகாய்க்கும் இதே எச்சரிக்கைதான். ஈரம் முழுக்கப் போகாத மிளகாயை அரைத்து வைத்தால் பூஞ்சைக்கு நாமே இடம் கொடுத்த மாதிரி. பங்குனி, சித்திரை வெயிலில் காயவைக்கும்போது கடலோரத்துக்காரர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். மதியத்துக்கு மேல் கடற்காற்று இறங்கிவிட்டால் வெயில் சுள்ளென்று அடித்தாலும் காற்றில் ஈரம் ஏறிவிடும். காலை எட்டு மணிக்கே பரப்பி, கடற்காற்று வீச ஆரம்பித்ததும் அள்ளிவிடுங்கள். மொட்டைமாடியில் மேலே ஒரு மெல்லிய வேட்டியைக் கட்டுங்கள். கன்டெய்னர் லாரி கிளப்புகிற புழுதி உங்கள் பக்கம் கொஞ்சமா நஞ்சமா! மிளகாயை ஆட்டினால் விதை கலகலக்க வேண்டும், காம்பு தொட்டால் முறியவேண்டும்.

வெயில் இல்லாத நாளில் கடாயில், சிறு தீயில், ஒவ்வொன்றையும் தனித்தனியாக வறுங்கள். வண்டின் முட்டை பெரும்பாலும் தனியாவோடும் பருப்போடும் கடையிலிருந்தே வந்துவிடுகிறது. நன்றாக வறுபட்டால் செத்துவிடும். சந்தேகம் இருந்தால், அரைத்து ஆறிய தூளைப் பையில் கட்டி ஃப்ரீசரில் நாலைந்து நாள் வைத்து எடுங்கள். வெளியே எடுத்ததும் பிரிக்காதீர்கள், பை அறைச் சூட்டுக்கு வந்தபிறகு திறங்கள். பெருங்காயக் கட்டி போட்டால் வண்டு வராது என்பார்கள். வாசம் வரும், வண்டும் வரும். கொத்தவால்சாவடியில் மொத்தமாக வாங்கினால் விலை குறைகிறது என்று மூன்று நாலு கிலோ அரைத்து வைக்காமல், மிளகாயை முழுசாக வைத்துக்கொண்டு இரண்டு மாதத்துக்கு ஆகிற அளவு மட்டும் அரையுங்கள்.

சத்துமாவில் முந்திரி, பாதாம், வேர்க்கடலையைச் சேர்த்து அரைக்காதீர்கள். அவற்றின் எண்ணெய்தான் மாவைக் கெடுக்கிறது. கம்பு சேர்த்தாலும் சீக்கிரம் காறும். தானியத்தையும் பயறையும் மட்டும் அரைத்து வைத்து, கஞ்சி காய்ச்சுகிற அன்று ஒரு கைப்பிடி முந்திரியைப் பொடித்துச் சேருங்கள்.

இஞ்சி பூண்டு விழுது ஃப்ரிட்ஜில் மட்டும்தான். எண்ணெய் ஊற்றி வைத்தால் வெளியிலேயே கெடாமல் இருக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பச்சைப் பூண்டு எண்ணெயில் மூழ்கி, காற்றுப்படாமல், வெளிச் சூட்டில் இருந்தால் பாட்டுலிசம் என்கிற கொடிய நோயைத் தரும் நஞ்சு அதில் உண்டாகலாம். வாடையோ நிறமோ அதைக் காட்டிக்கொடுக்காது. ஒரு வாரத்துக்கு ஆவதை அரைத்துக்கொண்டு, கூடுதலானதை ஐஸ் தட்டில் உறையவைத்துவிடுங்கள்.

எல்லாவற்றையும் வீட்டிலேயே செய்தாக வேண்டும் என்ற வைராக்கியமும் தேவையில்லை. அப்பளம் ஒரு தனித்தொழில். தங்கசாலைத் தெருப் பக்கம் நல்லதாகவே கிடைக்கும், வாங்கிக்கொள்ளுங்கள். மிக்சருக்கு ஓமப்பொடி, பூந்தி, கடலை, அவல் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பொரிப்பதற்குள் ஞாயிற்றுக்கிழமை போய்விடும். அந்த நேரத்தில் முறுக்கும் தட்டையும் சுட்டுவிடலாம்.

அக்கம்பக்கத்துக்குப் போட்டுக் கொடுப்பது நல்ல யோசனைதான். வீட்டிலிருந்து விற்றாலும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்யவேண்டும். இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். அதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். மேலே சொன்னபடி ஒரு ஈடு சுட்டு, நாலு பைகளில் கட்டி, தேதி எழுதி, வாரம் ஒன்றாகப் பிரித்துத் தின்று பாருங்கள். எந்த வாரத்துப் பையில் ருசி மாறுகிறதோ, அதற்கு ஒரு வாரம் முன்னதாகக் கெடு வைத்து, அந்தத் தேதியைப் பாக்கெட்டில் எழுதிக் கொடுங்கள். கால் கிலோவுக்கு மேல் ஒரே பாக்கெட்டாகப் போடவேண்டாம். வாங்குகிறவர் வீட்டிலும் இதே காற்றுதான்.