சந்தா கட்டுவதற்கு அப்பால்: அறிவியல் கழக உறுப்பினர் தன் சனிக்கிழமைகளை எங்கே செலவிடலாம்?

கேள்வி: டர்பனில் ஃபீனிக்ஸ் பகுதியில் வசிக்கிறேன். சர்க்கரைத் தொழில் சார்ந்த ஓர் ஆய்வகத்தில் பல ஆண்டுகளாக வேதியியலாளராகப் பணிபுரிகிறேன். தென்னாப்பிரிக்க வேதியியல் நிறுவகத்தில் உறுப்பினராக இருந்தும், சந்தா கட்டுவதையும் எப்போதாவது ஒரு விரிவுரைக்குச் செல்வதையும் தவிர நான் எதுவும் செய்ததில்லை. மாதத்தில் இரண்டு சனிக்கிழமைகளைப் பொதுப்பணிக்குத் தர விரும்புகிறேன். எங்கள் கோயிலில் நடக்கும் தமிழ் வகுப்புக்கும் ஏதாவது செய்ய ஆசை. ஆனால் மேடையேறிப் பேசிப் பழக்கமில்லை. எங்கிருந்து தொடங்குவது? என்னென்ன அனுமதிகள் தேவை?

பதில்: மேடைப் பேச்சு வராது என்பது இந்தப் பணிக்கு ஒரு குறையே அல்ல. அறிவியல் கழகங்கள் உறுப்பினர்களிடம் எதிர்பார்க்கும் உதவிகளில் பேச்சு ஒரு சிறு பகுதிதான். மாணவர் கண்காட்சியில் நடுவராக அமர்வது, பள்ளி ஆய்வகத்தில் ஆசிரியருக்குக் கைகொடுப்பது, ஓடைக்கரையில் தரவு சேகரிப்பது போன்ற வேலைகளுக்குத்தான் ஆள் கிடைப்பதில்லை. அளந்து பார்ப்பதையே தொழிலாகக் கொண்ட உங்களுக்கு இவை அனைத்தும் பொருந்தும். ஆனால் ஒன்றை மட்டும் வற்புறுத்துவேன்: பத்து இடங்களில் ஒருமுறை தலைகாட்டுவதைவிட, ஒரே பள்ளிக்கோ ஒரே ஓடைக்கோ ஆண்டு முழுவதும் திரும்பத் திரும்பப் போவதையே தேர்ந்தெடுங்கள்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஆவணங்களை முதலில் தயார் செய்யுங்கள். தென்னாப்பிரிக்காவில் சிறுவர்களுடன் பழகும் பணிக்கு வருபவர், ஊதியம் பெறாத தன்னார்வலராகவே இருந்தாலும், 2005ஆம் ஆண்டின் 38ஆம் எண் சிறுவர் சட்டத்தின் கீழ் பேணப்படும் தேசியச் சிறுவர் பாதுகாப்புப் பதிவேட்டில், சிறுவர்களுடன் பணிபுரியத் தகுதியற்றவர்களைப் பட்டியலிடும் ‘பி’ பகுதியில் தம் பெயர் இல்லை என்று காட்ட வேண்டும். தனிநபர் தம்மைப் பற்றித் தாமே விசாரிப்பதற்கு உரியது படிவம் 30. அதைச் சமூக மேம்பாட்டுத் துறைக்கு அனுப்ப வேண்டும். நீதித்துறையின் பொறுப்பில் உள்ள பாலியல் குற்றவாளிகளின் பதிவேடு தனியானது. அந்தச் சான்றையும் பள்ளிகள் கேட்கும். கைரேகை கொடுத்துப் பெறும் காவல்துறை நற்சான்றிதழையும் பல பள்ளிகள் எதிர்பார்க்கின்றன. இவை கைக்கு வந்துசேர வாரக்கணக்கில் ஆகலாம் என்பதால், எந்தப் பள்ளி என்று முடிவாகும் முன்பே விண்ணப்பித்துவிடுவது நல்லது. இதை வெறும் சம்பிரதாயமாக எண்ண வேண்டாம். பெற்றோர் தம் பிள்ளையை முன்பின் அறியாத ஒருவரோடு ஓர் அறையில் விட்டுச் செல்கிறார்கள்; அந்த நம்பிக்கைக்கு நாம் தரும் குறைந்தபட்ச மரியாதை இது. அதோடு, 18 வயதுக்கு உட்பட்டவர்களின் படங்களைப் பெற்றோரின் ஒப்புதல் இல்லாமல் கழகத்தின் பக்கத்திலோ வாட்ஸ்அப் குழுவிலோ பகிர வேண்டாம். தனிப்பட்ட தகவல் பாதுகாப்புச் சட்டம் சிறுவர் விஷயத்தில் கூடுதல் கண்டிப்பானது.

முதல் அடியாக, எஸ்காம் இளம் அறிவியலாளர் கண்காட்சியில் நடுவராக அமர முன்வாருங்கள். 1980 முதல் நடந்துவரும் இந்தக் கண்காட்சியில் பள்ளி மாணவர்கள் தாங்களே செய்த ஆய்வுகளை வைக்கிறார்கள். வட்டார அளவிலான சுற்றுகள் பெரும்பாலும் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் நடைபெறும். அவற்றில் தேறியவர்கள் நாடளாவிய இறுதிச் சுற்றுக்குப் போகிறார்கள். வேதியியல் தெரிந்த நடுவர்களுக்கு எப்போதும் தேவை உண்டு. நடுவருக்கு முன்கூட்டியே விளக்கக் கூட்டம் நடத்துவார்கள். மதிப்பெண் தாளும் கொடுப்பார்கள். பதாகைக்கு முன்னால் நின்று ஒரு மாணவரிடம் பேசுவதுதான் வேலை. இந்தப் பேச்சு உங்களுக்கு வரும், ஏனெனில் ஆய்வகத்தில் இளைய பணியாளரிடம் நீங்கள் அன்றாடம் கேட்கும் கேள்விகளே இங்கேயும் உதவும்: “எத்தனை முறை அளந்தாய்? இரண்டாம் முறை வேறு விடை வந்தபோது என்ன செய்தாய்? இந்த எண் ஏன் மற்றவற்றோடு ஒட்டவில்லை?” அட்டையின் அழகைப் பார்த்து மயங்கிவிடாதீர்கள். அச்சகத்தில் பளபளப்பாக அடித்து வந்த பதாகைக்குப் பின்னால் பெற்றோரின் கை இருக்கலாம். கையால் எழுதிய, அடித்துத் திருத்திய குறிப்பேட்டில்தான் மாணவர் உண்மையில் என்ன செய்தார் என்பது தெரியும். குறிப்பேட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். தோற்றுப்போன ஒரு சோதனையை மறைக்காமல் எழுதியிருக்கும் பிள்ளையிடம் அதை எடுத்துச் சொல்லிப் பாராட்டுங்கள். பரிசு கிடைக்காமல் வீடு திரும்பும் பிள்ளைகளே அதிகம் என்பதால், நடுவர் சொல்லும் இரண்டு நல்ல வாக்கியங்களுக்கு நாம் நினைப்பதைவிட மதிப்பு அதிகம்.

கண்காட்சியில் சந்திக்கும் ஆசிரியர்களில் ஒருவரே உங்கள் அடுத்த வழியைத் திறந்துவிடுவார். அவருடைய பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு இயற்பொருள் அறிவியலுக்கு ஆக்சாலிக் அமிலத்தைச் சோடியம் ஹைட்ராக்சைடால் தரம்பார்க்கும் (டைட்ரேஷன்) பயிற்சி எப்படி நடக்கிறது என்று கேளுங்கள். நம் பகுதிப் பள்ளிகள் பலவற்றில் ஆசிரியர் முன்னால் நின்று செய்துகாட்ட, நாற்பது பேர் எட்டிப் பார்ப்பதே பயிற்சியாக முடிந்துவிடுகிறது. அங்கே உங்களைப் போன்ற ஒருவர் இருந்தால் நிலைமை மாறும். கரைசலைச் சொட்டுச் சொட்டாக அளந்து விடும் குழாயான பியூரெட்டின் முனையில் காற்றுக்குமிழி நிற்பதும், மேலே வைத்த புனலை எடுக்க மறந்து அதிலிருந்து ஒரு சொட்டு விழுவதும், கண்ணை நீர்மட்டத்துக்கு நேராகக் கொண்டுவராமல் மேலிருந்து படிப்பதும், முடிவைக் காட்டும் இளஞ்சிவப்பு மங்கலாகத் தோன்றியதும் நிறுத்தாமல் அடர்ந்த நிறம் வரும்வரை திறந்துவிடுவதும் உங்கள் கண்ணுக்கு உடனே படும். ஒற்றை ஆசிரியரால் எல்லா மேசைகளையும் கவனிக்க முடியாது. நீங்கள் மூன்று மேசைகளை எடுத்துக்கொண்டாலே போதும்.

கண்ணாடிக் கருவிகள் போதாத பள்ளிகளுக்கு இந்த நாட்டிலேயே உருவான தீர்வு ஒன்று இருக்கிறது. விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தின் ராட்மாஸ்டே மையம் வடிவமைத்த நுண்ணளவு வேதியியல் பெட்டியில், சிறிதும் பெரிதுமான குழிகள் கொண்ட ஒரு பிளாஸ்டிக் தட்டில் சொட்டுக் கணக்கில் சோதனைகளைச் செய்யலாம். யுனெஸ்கோ இதைப் பல நாடுகளுக்குக் கொண்டுசென்றது. கழிவு குறைவு, உடையும் கண்ணாடி இல்லை, ஒவ்வொரு பிள்ளையும் தன் கையாலேயே செய்யலாம். இந்தப் பெட்டிகள் பள்ளிக் கிடங்கில் பிரிக்கப்படாமலே கிடப்பதும் உண்டு. ஆசிரியருக்கு அவற்றை ஒருமுறை உட்கார்ந்து பழக்கிக் கொடுத்தால், நீங்கள் வராத நாட்களிலும் அவை பயன்படும். மாணவருக்கு நேரடியாகச் செய்வதைவிட ஆசிரியருக்குத் துணை நிற்பது பன்மடங்கு பயன் தரும் என்பதே என் உறுதியான எண்ணம். ஆனால் வேலையிடத்திலிருந்து வேதிப்பொருளோ காலாவதியான மருந்துக் குப்பிகளோ எடுத்துவர வேண்டாம். நல்லெண்ணத்தோடு கொடுத்த அமிலப் புட்டி பள்ளி அலமாரியில் பெயர்ச்சீட்டு உதிர்ந்து பல ஆண்டுகள் நிற்கும். பிறகு அதை அப்புறப்படுத்த யாராலும் முடியாது.

கோயில் தமிழ் வகுப்புக்கு வருகிறேன். அங்கே வரும் பிள்ளைகள் ஆங்கிலத்தில் அறிவியல் படிக்கிறார்கள். தமிழ் அவர்களுக்குக் கோயிலோடும் பாட்டியோடும் சேர்ந்த மொழியாக மட்டும் நின்றுவிட்டது. அதே பாட்டி கரைக்கும் ஆரத்தித் தட்டிலிருந்தே தொடங்கலாம். மஞ்சள் கரைத்த நீரில் சுண்ணாம்பு சேர்ந்ததும் சிவப்பாவது ஏன் என்று கேட்டு, அதே நீரில் எலுமிச்சைச் சாறு விட்டு மீண்டும் மஞ்சளாக்கிக் காட்டுங்கள். பிறகு சோப்பு நீர், புளிக்காடி, அமாசித் தயிர், சமையல் சோடா என்று வீட்டிலிருந்து கொண்டுவந்தவற்றை அவர்களே சோதிக்கட்டும். மஞ்சள் காரத்தை மட்டுமே காட்டும்; அமிலத்துக்கும் வெறும் தண்ணீருக்கும் அதில் வேறுபாடு தெரியாது. ஒரு பிள்ளையாவது இதைக் கவனித்துக் கேட்கும். கேட்காவிட்டால் அடுத்த வகுப்பில் செம்பருத்திப் பூவை வெந்நீரில் ஊறவைத்து எடுத்துச் செல்லுங்கள்: அமிலத்தில் சிவக்கும், காரத்தில் பச்சையாகும். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் புண்ணாகும். தெளிந்த மேல்நீரை மட்டும் நீங்களே ஊற்றிக் கொடுங்கள், பாதுகாப்புக் கண்ணாடி எல்லோருக்கும் வேண்டும். வகுப்பாசிரியை ஒப்புக்கொண்டால் பார்த்ததைப் பிள்ளைகள் மூன்று தமிழ் வாக்கியங்களில் எழுதட்டும். மாதம் ஒரு ஞாயிறு அரைமணி நேரம் போதும். மொழிப்பாட நேரத்தை விழுங்கிவிடக் கூடாது.

நான் உங்களிடம் மிகவும் எதிர்பார்க்கும் பணி ஓடைக்கரையில் இருக்கிறது. 2021 ஜூலைக் கலவரத்தின்போது, உங்கள் பகுதிக்கு அருகிலுள்ள கார்னூபியாவில் வேளாண் வேதிப்பொருள் கிடங்கு ஒன்று எரிந்து, நஞ்சு கலந்த நீர் ஓஹ்லாங்கா கழிமுகம் வரை சென்றதும், கடற்கரைகள் மூடப்பட்டதும் நினைவிருக்கும். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் நகரின் கழிவுநீர்க் கட்டமைப்புகள் பெரும் சேதமடைந்தன. இத்தகைய வேளையில் முதலில் எழும் கேள்வி, அதற்கு முன் இந்த ஓடை எப்படி இருந்தது என்பதுதான். முன்பே யாராவது தொடர்ந்து பார்த்து எழுதி வைத்திருந்தால் மட்டுமே அதற்கு விடை உண்டு. மினிசாஸ் என்ற முறை இதற்காகவே இந்த நாட்டில் உருவாக்கப்பட்டது. வலையால் ஓடையடிக் கற்களையும் கரைச்செடிகளையும் கலைத்துப் பிடித்த சிற்றுயிர்களை ஒரு வெள்ளைத் தட்டில் இட்டு, 13 வகைகளில் எவை இருக்கின்றன என்று பார்த்து, ஒவ்வொரு வகைக்கும் உரிய மதிப்பெண்ணைச் சேர்த்துச் சராசரி காண வேண்டும். அட்டைக்கும் புழுவுக்கும் 2 தான். மாசு தாங்காத கல் ஈயின் இளம்பூச்சிக்கு 17. முடிவுகளைப் பொது வரைபடத்தில் பதியலாம். உயிர்களைத் திரும்ப நீரிலேயே விட்டுவிட வேண்டும்.

ஃபீனிக்ஸ், குவாமாஷு வழியாக ஓடி உம்ங்கேனியில் சேரும் உம்ஷ்லாங்கனே ஆற்றில் ஓரிடத்தைத் தேர்ந்துகொண்டு, பருவத்துக்கு ஒருமுறை அதே இடத்தில் பாருங்கள். உங்கள் தொழில் திறமையால் கார அமில நிலை, நைட்ரேட், கரைந்த ஆக்சிஜன் ஆகியவற்றையும் அதனுடன் அளக்கலாம். குவாசுலு நட்டாலின் தாழ்நில ஓடைகளில் பில்ஹார்சியாப் புழு உண்டு. அது தோல் வழியே உடலுக்குள் நுழையும். கழிவுநீரும் கலக்கிறது. ஆகவே நீரில் இறங்குபவர் நீண்ட ரப்பர் காலணியும் கையுறையும் அணிந்த பெரியவராகவே இருக்கட்டும்; பிள்ளைகள் கையுறையோடு கரையில் தட்டைப் பார்க்கட்டும். கனமழைக்கு அடுத்த நாட்களில் போகவேண்டாம். தனியாகவும் போகவேண்டாம். அந்த வட்டாரத்தில் இசிஜூலு பேசும் ஒருவரைத் துணையாகச் சேர்த்துக்கொண்டால், கரையோரம் வாழ்பவர்கள் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று கேட்கும்போது மறைக்காமல் விளக்க முடியும். அந்த ஓடையைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்ததும் உங்களுக்குக் கிடைக்கும்.

இதில் நீங்கள் தொடங்கும் முன்பே தீர்த்துக்கொள்ள வேண்டிய சிக்கல் ஒன்று உண்டு. உங்கள் நிறுவனத்தின் கழிவுநீர் சேரும் ஆற்றை அளவிடத் தேர்ந்தெடுக்காதீர்கள். முடிவு நல்லதாக வந்தால் ஊரார் நம்பமாட்டார்கள். கெட்டதாக வந்தால் வேலையிடத்தில் இடர்ப்படுவீர்கள். எந்த ஓடையானாலும் மேலாளரிடம் எழுத்தில் தெரிவித்து, நீங்கள் தனிநபராகவும் கழக உறுப்பினராகவும் மட்டுமே செயல்படுகிறீர்கள் என்று பதிவு செய்யுங்கள்.

மற்ற வாய்ப்புகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வழக்கமாக ஆகஸ்ட்டில் வரும் தேசிய அறிவியல் வாரத்துக்கு, தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளையின் சாஸ்டா அமைப்பு நிதி அளிக்கிறது. விண்ணப்பிப்பது அமைப்புகள்தாம் என்பதால் உங்கள் வட்டாரக் கிளையின் மூலம்தான் பங்கேற்க முடியும். வேதியியலுக்கு வெளியே ஆர்வம் இருந்தால், 2007 முதல் நடக்கும் தெற்கு ஆப்பிரிக்கப் பறவை வரைபடத் திட்டத்தின் இரண்டாம் சுற்றுக்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் ஒரு சதுரத்தில் பறவைகளைப் பட்டியலிடலாம். தென்னாப்பிரிக்க வானியல் கழகத்தின் டர்பன் மையம் நடத்தும் விண்பார்வை இரவுகளுக்கும் உதவிக்கு ஆள் தேவை.

உங்கள் நிறுவகத்தின் குவாசுலு நட்டால் கிளைச் செயலாளருக்கு இந்த வாரமே ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். “உதவ விரும்புகிறேன்” என்று மட்டும் எழுதினால் பதில் வரத் தாமதமாகும். என்ன செய்வது என்று அவருக்கும் தெரியாது. எந்தச் சனிக்கிழமைகள், எவ்வளவு நேரம், எந்தப் பகுதிக்குள், எந்தப் பணி, சான்றுகளுக்கு விண்ணப்பித்தாயிற்றா என்பதை ஐந்து வரிகளில் சொல்லுங்கள். கிளையின் பெயரால் செய்யும் பணியில் விபத்து நேர்ந்தால் அதற்குக் காப்பீடு உண்டா என்பதையும் அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள். கண்காட்சி நடுவர் பட்டியல் விளக்கக் கூட்டத்துக்கு முன்பே முடிவாகிவிடும் என்பதால், ஜூலை வரை காத்திருக்க வேண்டாம்.