பதில்: தியானம் சரிவரவில்லை, பெடியள் மேல் எரிந்து விழுகிறேன்

தம்பி, திருகோணமலை உப்புவெளியில் விடுதி நடத்துகிறீர்கள், சீசனில் வேலை செய்கிற பெடியள் மேல் எரிந்து விழுகிறீர்கள், காலையில் 20 நிமிடம் தியானத்துக்கு இருந்தால் கரண்ட் பில்தான் மண்டையில் ஓடுகிறது என்கிறீர்கள். பில் ஓடுவதைக் கண்டுகொண்டீர்கள் அல்லவா, பயிற்சியே அதுதான். கண்டதும் மூச்சுக்குத் திரும்புங்கள், நூறு தரம் என்றாலும். 1979இல் அமெரிக்காவில் ஜான் கபாட்-சின் நோயாளிகளுக்கென்று தொடங்கிய தியானப் பயிற்சிக்கும் அடிப்படை இதுதான்.

நான் டவுனில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கிறேன். சீமெந்து லொறி பிந்தினால் முதலில் தாடை இறுகும், பிறகுதான் வாய் திறக்கும். அந்த இறுக்கத்தைப் பிடிக்கப் பழகினேன். இறுகியதும் பேனையை மேசையில் வைத்துவிட்டு மூன்று மூச்சு. பிறகுதான் டிரைவரோடு பேச்சு. போன மாதமும் ஒருநாள் பேனை பறந்தது, அது வேறு கதை.

கோணேசர் கோயிலடியில் நின்று கடலைப் பார்த்தால் எல்லாம் சரியாகும் என்பார்கள். போங்கள், நல்ல காற்று. ஆனால் உங்களுக்குக் கோபம் வருவது ரிசப்ஷனில், பழகவேண்டியதும் அங்கேதான்.

இன்னொன்று, சீசனில் ஆள் போதுமா? இரண்டு பேர் வேலையை ஒருவன் செய்கிறான் என்றால் மூச்சுப் பயிற்சி இருக்கட்டும், முதலில் இன்னொரு ஆளைப் போடுங்கள்.