ஜப்பானில் பேஸ்பால் பார்க்கப் போகிறவர்களுக்கு: கேள்வி பதில்

ஜப்பானின் 12 தொழில்முறை அணிகளின் ஆட்டத்தை மைதானத்தில் போய்ப் பார்ப்பது பற்றி வந்த கேள்விகளும் பதில்களும்.

கே: அண்ணா, எந்த மாதம் போனால் ஆட்டம் கிடைக்கும்? ஆகஸ்டில்தான் லீவு.

மார்ச் கடைசியில் தொடங்கி அக்டோபர் தொடக்கம் வரை சீசன். ஓர் அணிக்கு 143 ஆட்டம். திங்கட்கிழமை பெரும்பாலும் ஆட்டம் இருக்காது, அதனால் ஒரே ஒரு நாள்தான் கையில் இருக்கிறதென்றால் அதைத் திங்களில் வைக்காதீர்கள். வாரநாட்களில் மாலை 6 மணி வாக்கில் தொடங்கும். முடிய மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

ஆகஸ்டில் ஒரு சிக்கல் உண்டு. ஹான்ஷின் டைகர்ஸின் கோஷியென் மைதானத்தில் அப்போது பள்ளி மாணவர்களின் தேசியப் போட்டி நடக்கும். டைகர்ஸ் வெளியூர் போய்விடும், சில ஹோம் ஆட்டங்கள் ஒசாகாவின் கியோசெரா டோமுக்கு மாறும். இதனால் வருத்தப்பட வேண்டாம், பள்ளிப் போட்டியையே பாருங்கள். 1924-இல் கட்டிய மைதானம், ஒரே நாளில் மூன்று நான்கு ஆட்டம். முன்பு அவுட்ஃபீல்ட் சீட் (பேட்டருக்கு எதிரே, மைதானத்தின் கடைக்கோடி) இலவசம். 2018-இல் நடந்த 100-ஆவது போட்டியிலிருந்து அதற்கும் டிக்கெட் வாங்க வேண்டும்.

கே: சென்னையிலிருந்தே டிக்கெட் எடுக்க முடியுமா?

முடியும். யொமியுரி ஜயன்ட்ஸ், யாகுல்ட் ஸ்வாலோஸ், யோகோஹாமா பேஸ்டார்ஸ் போன்ற அணிகளுக்கு ஆங்கில டிக்கெட் பக்கம் உண்டு, அங்கே தொடங்குங்கள். ஜப்பானியப் பக்கத்தில் பெயரை கதகானா எழுத்தில் கேட்கும், பல இடங்களில் உள்ளூர் போன் எண்ணும் கேட்கும். பெரும்பாலானோர் அங்கேதான் நின்றுவிடுகிறார்கள்.

கார்டு விஷயத்தில் இரண்டு காரியம் செய்யுங்கள். வங்கி ஆப்பில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை ஆன் செய்யுங்கள். ஜப்பான் போன பிறகு வாங்குவதாக இருந்தால், ஓடிபி வரும் இந்திய சிம்மை ரோமிங்கோடு போனிலேயே வைத்திருங்கள். அதைக் கழற்றிவிட்டு உள்ளூர் சிம் போட்டால் ஓடிபி வராது, பணம் கட்டும் நேரம் முடிந்து சீட் கைவிட்டுப் போகும்.

ஆன்லைனில் பதிவு செய்து கடையில் எடுக்கிற முறை: லாசன் என்ற கடைத் தொடரில் லொப்பி என்ற இயந்திரம் இருக்கும். முன்பதிவு எண்ணையும் போன் எண்ணையும் அடித்தால் ஒரு சீட்டு வரும். அதை 30 நிமிடத்துக்குள் கல்லாவில் கொடுக்க வேண்டும், தாண்டினால் மறுபடி முதலிலிருந்து. செவன் இலெவனில் இயந்திரத்துக்குப் போக வேண்டாம், 13 இலக்க எண்ணைக் கல்லாவில் காட்டினால் போதும்.

எங்கே வாங்கினாலும் பணம் கட்டும் முன் சீட் எந்த அணியின் பக்கம் என்று பாருங்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

கே: மறுவிற்பனைத் தளத்தில் நல்ல சீட் இருக்கே, வாங்கலாமா?

வேண்டாம். 2019 முதல் லாபத்துக்கு மறுவிற்பனை செய்வதற்கு எதிராகச் சட்டமே இருக்கிறது. அப்படி வந்த டிக்கெட் என்று தெரிந்தால் வாசலிலேயே நிறுத்தலாம்.

கே: டோக்கியோவில் ஒரே ஒரு ஆட்டம். எந்த மைதானம், எந்த சீட்?

யாகுல்ட் ஸ்வாலோஸின் ஹோமான ஜிங்கு மைதானம், ரைட் அவுட்ஃபீல்ட் (பேட்டரிடமிருந்து பார்த்தால் வலது பக்கம்). 1926-இல் திறந்தது, திறந்தவெளி, கின்சா லைனில் கைஎன்மாஏ ஸ்டேஷனிலிருந்து நடை தூரம். அந்த வட்டாரமே மறுசீரமைப்பில் இருக்கிறது, பழைய மைதானம் நிற்கும்போதே பார்த்துவிடுங்கள். ஸ்வாலோஸ் ஒரு ரன் எடுத்ததும் அத்தனை பேரும் சின்னக் குடையை விரித்து, டோக்கியோ ஓண்டோ பாட்டுக்கு மேலும் கீழும் ஆட்டுவார்கள். குடை மைதானக் கடையிலேயே கிடைக்கும்.

ஜப்பானில் சீட் என்றால் உட்காரும் இடம் மட்டுமல்ல, அங்கே நீங்கள் என்ன செய்ய வேண்டும் என்பதும் அதிலேயே அடங்கியிருக்கிறது. அவுட்ஃபீல்டில் ஓஎன்டான் என்ற ஆதரவுக் குழு ட்ரம்பெட், முரசோடு நிற்கும். பேட்டர் ஒவ்வொருவருக்கும் தனிப்பாட்டு. உங்கள் அணி பேட் செய்து முடிக்கும் வரை எழுந்து நின்று பாடுவார்கள். மூன்று அவுட் விழுந்ததும் சட்டென்று உட்கார்ந்துவிடுவார்கள், அடுத்த நொடி எதிர்ப் பக்கத்து முரசு தொடங்கும்.

அதனால்தான் பக்கம் பார்க்கச் சொல்கிறேன். ஹோம் ஆதரவாளர் பகுதியில் எதிரணி ஜெர்சி போட்டுக்கொண்டு போகக் கூடாது, ஊழியர் வந்து கழற்றச் சொல்வார். ஹோம் என்றாலே முதல் பேஸ் பக்கம்தான் (பேட்டருக்கு வலது; மூன்றாம் பேஸ் இடது), ரைட்தான் என்றும் நினைக்காதீர்கள். பெல்லுனா டோமில் செய்பு லயன்ஸுக்கு மூன்றாம் பேஸ் பக்கம்.

இடையில் ஒருவர்: புதுசா போறவரை அவுட்ஃபீல்டுக்கு அனுப்புறது தப்பு. பந்தே தெரியாது. கிரிக்கெட் பழகின கண்ணுக்கு பிட்சிங்தான், அதாவது பந்துவீச்சுதான் முக்கியம், பேட்டர் நிக்கிற ஹோம் பிளேட் பின்னாடி எடுங்க.

பந்து திரும்புவதைப் பார்க்க ஹோம் பிளேட்டுக்குப் பின்னால்தான் நல்லது, அதை மறுக்கவில்லை. ஜிங்குவில் நடு அவுட்ஃபீல்ட் சுவர் 120 மீட்டர் தள்ளி இருக்கிறது, அங்கிருந்து ஸ்லைடர் என்ற திரும்பும் பந்து தெரியாது. ஆனால் பேட்டருக்கு ஏற்ப ஃபீல்டர்கள் இரண்டடி நகர்வது, பந்து மட்டையில் பட்ட சத்தத்துக்கே சென்டர் ஃபீல்டர் திரும்பி ஓடுவது இதெல்லாம் அங்கிருந்துதான் தெரியும். பிட்சிங்கை டிவியிலும் பார்க்கலாம், அந்த ஓட்டம் டிவி சட்டகத்துக்குள் வராது.

அவரே: ஆறு வயசுப் பையனோட போறவங்க?

அங்கே நீங்கள் சொல்வதுதான் சரி. முன்னால் நிற்பவர்களின் முதுகைத்தான் குழந்தை பார்க்கும். குழந்தையோடு போகிறவர்கள் முதல் பேஸ் பக்க இன்ஃபீல்ட் (பேஸ்களை ஒட்டிய பகுதி) சீட் எடுங்கள்.

இன்னொருவர்: பாட்டே தெரியாத டூரிஸ்ட் ரசிகர் சீட்டைப் பிடிக்கிறது நியாயமா?

எழுந்து நின்று தாளத்துக்குக் கைதட்டினால் போதும், பாட்டு தெரிய வேண்டியதில்லை. உட்கார்ந்தபடி மூன்று மணி நேரமும் வீடியோ எடுப்பதாக இருந்தால் இன்ஃபீல்டுக்குப் போங்கள். பந்து ஆட்டத்தில் இருக்கும்போது எடுத்த வீடியோவை சமூக வலைத்தளத்தில் போட 2025 முதல் தடையும் இருக்கிறது.

கே: டிக்கெட் எங்கே வாங்குறது?

மேலே இரண்டாவது பதில்.

கே: சுத்த சைவம். சாப்பிட என்ன கிடைக்கும்?

உப்புப் போட்டு வேகவைத்த எடமாமே (பச்சை சோயா காய்), அதுதான் நம்பகமானது. உருளை வறுவல் கிடைக்கும், ஆனால் கோழி பொரித்த அதே எண்ணெயாக இருக்கலாம். உடோன் நூடுல்ஸ் குழம்பில் மீன் சாறு இருக்கும், ஜப்பானியக் கறிக் குழம்புக்குப் போடும் ரூ என்ற மசாலாக் கட்டியில் இறைச்சிக் கொழுப்பு இருக்கும், தகோயாகியில் ஆக்டோபஸ். மேலே காய் மட்டும் தெரிகிறது என்று நம்பி வாங்க வேண்டாம். பல மைதானங்களில் வெளிச் சாப்பாடு கொண்டு போகலாம், கட்டிக்கொண்டு போவதே நல்லது. கேனும் கண்ணாடி பாட்டிலும் உள்ளே விட மாட்டார்கள், வாசலிலேயே காகிதக் கோப்பையில் ஊற்றித் தருவார்கள்.

டோக்கியோ டோமில் கடைகள் ரொக்கம் வாங்காது.

கே: ஃபவுல் பந்தை எடுத்து வச்சுக்கலாமா?

இப்போது பெரும்பாலான இடங்களில் வைத்துக்கொள்ளலாம். பந்து கூட்டத்துக்குள் வரும்போது ஊழியர் விசில் அடிப்பார். அந்தச் சத்தம் கேட்டதும் போனை விட்டுத் தலையைத் தூக்குங்கள், பந்தைத் தடுக்கும் வலைக்கு வெளியே உட்கார்ந்திருந்தால் கட்டாயமாக. பந்து விழுந்த இடத்துக்கு ஊழியர் ஓடி வந்து முதலில் யாருக்கும் அடிபட்டதா என்றுதான் கேட்பார்.

கே: ஆட்டம் டையில் முடியுமா?

முடியும். லீக் ஆட்டத்தில் 12 இன்னிங்ஸோடு சரி (இரு அணியும் ஒருமுறை பேட் செய்தால் ஓர் இன்னிங்ஸ்).

கே: ஸ்வாலோஸ் தொப்பி இருக்கு. அதைப் போட்டுட்டு கோஷியென் போகலாமா?

மூன்றாவது முறையாகச் சொல்கிறேன்: சீட் எந்தப் பக்கம் என்று பாருங்கள். கோஷியெனில் எதிரணிக்கென்று லெஃப்டில் ஒதுக்கிய பகுதி உண்டு, தொப்பியை அங்கே போடுங்கள். போகிற வழியிலேயே ஐசி கார்டில் (ரயில் கட்டண அட்டை) திரும்பும் காசையும் ஏற்றிவிடுங்கள். ஆட்டம் முடிந்தால் நாற்பதாயிரத்துக்கு மேற்பட்ட கூட்டம் ஒரே ஸ்டேஷனுக்குத்தான் வரும்.

கே: மழை வந்தா?

ரத்தானாலும், ஐந்து இன்னிங்ஸ் முடியும் முன் நின்றாலும் பணம் திரும்ப வரும். அந்த டிக்கெட் மறு தேதிக்குச் செல்லாது. கடையில் எடுத்த காகித டிக்கெட் என்றால் அதே கடைத் தொடரில், குறித்த நாட்களுக்குள் கொடுத்துத்தான் வாங்க வேண்டும். மறுநாள் விமானம் என்றால் அது நடக்காது, அதனால் பயணத்தின் கடைசி இரவுக்குத் திறந்தவெளி மைதானம் வைக்காதீர்கள். தூறலாக இருந்தால் ஆட்டம் தொடரும், சீட்டில் மழைக்குக் குடை விரிக்கக் கூடாது, மழைக்கோட்டு எடுத்துப் போங்கள். ஜிங்குவின் சின்னக் குடை கொண்டாட்டத்துக்கு மட்டும்தான்.